முப்பத்தொரு வயது மைனர்

வான்மதிக்கு முப்பத்தொரு வயது நடந்துகொண்டிருந்தபோது, டெக்ஸாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோ நகரில் வைத்து அவளை மைனர் என்று எழுத்துமூலம் அறிவித்தார்கள். அறிவித்தது நீதிமன்றமல்ல. வட டெக்ஸாஸ் மகளிர் தொழில்முறை மைனர் கூடைப்பந்து லீக் என்கிற அமைப்பின் விதிமுறைக் குழு. அந்த லீக் ஏழே வாரம்தான் உயிரோடு இருந்தது. ஏழு வாரத்தில் ஒரு மனுஷியை என்ன பாடு படுத்த முடியுமோ அத்தனையும் படுத்திவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தது.

வான்மதி கரூர்க்காரி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மாநில அணிக்கு ஆடினாள். பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை. ரயில்வே டீமில் அவள் பாயிண்ட் கார்ட். பந்தை மேலே கொண்டுபோய், யார் எங்கே ஓட வேண்டும் என்று கண்ணாலேயே சொல்லி ஆட்டத்தை நடத்துகிற வேலை அது. மகிழனைக் கல்யாணம் செய்துகொண்டு ஃபிரிஸ்கோவுக்கு வந்த பிறகு ஐந்து வருஷம் சமையலறைக்கும் காஸ்ட்கோ கடைக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லை. போன மார்ச்சில்தான் அனுமதி அட்டை தபாலில் வந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், அன்றைக்கே வேலை தேட ஆரம்பித்தாள்.

வேலை பதினைந்து நிமிட டிரைவில் இருந்தது. ஒரு தனியார் பள்ளியில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு உதவிக் கோச் தேவை. விளையாட்டுத் துறைத் தலைவி மிஸஸ் ஹாலிடே வான்மதியின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து, வட்ட முத்திரை, சதுர முத்திரை, பச்சை மைக் கையெழுத்து எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தார். பிறகு, "ஒரு ரயில் கம்பெனி எதற்காகக் கூடைப்பந்து ஆடுகிறது?" என்று கேட்டார். அதுவரை வான்மதியை அப்படி யாரும் கேட்டதில்லை.

"நான் உங்களை நம்புகிறேன். ஆனால் நிர்வாகக் குழு நம்ப வேண்டும்," என்றார் மிஸஸ் ஹாலிடே. "இந்த நாட்டில், ஏதாவது ஒரு லீக்கில், நீங்கள் ஆடிய ஒரு முழு ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் கொண்டு வாருங்கள். நான்கு குவார்ட்டரும் இருக்க வேண்டும். உங்கள் பெயர் இருக்க வேண்டும். லீக்கில் கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட் பதினைந்து வரை இந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

ஒரு ஆட்டம். நாற்பது நிமிடம். கரூரில் இருந்தபோது அவள் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று ஆடியிருக்கிறாள். வீட்டுக்கு வரும் வழியிலேயே வேலை கிடைத்துவிட்டதாக மகிழனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே இந்திய மளிகைக் கடையின் அறிவிப்புப் பலகையில், இட்லி மாவுக்கும் வருமான வரி ஆலோசகருக்கும் நடுவில் லீக்கின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நோட்டீஸில் பந்து இல்லை. கமிஷனர் நெடுஞ்செழியன் கோட் போட்டுக் கைகட்டி நிற்கும் படம் இருந்தது.

நெடுஞ்செழியன் ஒரு பெரிய கம்பெனியில் ப்ரோக்ராம் மேனேஜர். அதற்கு முந்தைய வருஷம் ஒரு சங்கத்தின் தலைவர் தேர்தலில் நின்று பதினொரு ஓட்டில் தோற்றவர். இந்த ஊரில் தேர்தலில் தோற்றவர்கள் ஓய்ந்து உட்காருவதில்லை, புதுச் சங்கம் தொடங்குவார்கள். தமிழ்ப் பள்ளி, பறை, சிலம்பம், கிரிக்கெட் எல்லாவற்றையும் முன்னால் தோற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து மட்டும் மிச்சமிருந்தது. அவரோடு சேர்ந்து பழைய சங்கத்தைவிட்டு வெளியே வந்த ஒன்பது பேரும் துணைத் தலைவர்கள் ஆனார்கள். பத்துப் பேரில் ஒருவர்கூடப் பந்தைத் தொட்டதில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

முதல் கூட்டம் நெடுஞ்செழியன் வீட்டு மீடியா ரூமில் நடந்தது. நான்கு டீமுக்கு இருபத்திரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். தமிழ்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர், மற்றவர்கள் உள்ளூர்க் கல்லூரிகளில் ஆடிவிட்டு, மேற்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றவர்கள். அவர்களில் ஒருத்தி டெனிஸ். ஆறடி ஒரு அங்குலம், இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் வாசல் தோரணத்தில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தபோது துணைத் தலைவர் நஞ்சப்பன் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

விதிமுறைக் குழுத் தலைவி ப்ரியம்வதா ஒரு வங்கியில் காம்ப்ளையன்ஸ், அதாவது எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கிற வேலை, பார்ப்பவர். எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்.

"இதுல கார்டியன் சைன் வாங்கிட்டு வரணும். இல்லன்னா கோர்ட்ல இறங்க முடியாது."

"கார்டியனுங்களா? எனக்கு முப்பத்தொண்ணுங்க," என்றாள் வான்மதி.

"ஏஜ் பத்தி நான் பேசவே இல்லையே. நம்ம லீக் பேர் என்ன? மைனர் லீக். மைனர் லீக்ல ஆடறவங்க யாரு? மைனர்ஸ். நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் கேட்டா நான் என்ன ஆன்சர் பண்றது?"

"இல்லைங்க. பெரிய லீக்குக்கு ஒரு படி கீழ இருக்கறதைத்தான் இங்க அப்படிச் சொல்லுவாங்க. வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

"வான்மதி, காம்ப்ளையன்ஸ்ல டாக்குமெண்ட்தான் பாப்பாங்க. ஆளைப் பாக்க மாட்டாங்க."

நெடுஞ்செழியன் கைகாட்டி இருவரையும் அமைதிப்படுத்தினார். "நாங்க டீப்பா டிஸ்கஸ் பண்ணிட்டோம்மா. எங்க ஊர்ப் பக்கம் மைனர்னா சில்க் ஜிப்பா போட்டுக்கிட்டு, வெத்தலை மென்னுக்கிட்டு ஊர் சுத்துறவன். அந்த மீனிங் லேடீஸுக்கு சூட் ஆகாது. அதனால லீகல் மீனிங்கையே எடுத்துக்கலாம்னு ஓட்டெடுப்பு வச்சு பாஸ் பண்ணிட்டோம். ஒன்பதுக்கு ஒன்பது."

பெயரை மாற்றிவிடலாமே என்று ஒரு பெண் கேட்டாள். பேனர் அச்சடித்தாகிவிட்டது என்றார்கள்.

மகிழன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். உறவுமுறை என்ற கட்டத்தில் கணவர் என்று எழுதினான். ப்ரியம்வதா அதை அடித்துவிட்டு, மைனருக்குக் கணவர் இருப்பது சட்டப்படி குற்றம் என்று விளக்கி, 'உறவினர்' என்று திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் அவனிடம் இன்னொரு கையெழுத்து வாங்கினார். டெனிஸுக்கு அப்பா அம்மா இல்லை. கடைசியில் அவள் வீட்டுச் சொந்தக்காரர் அவளுக்குக் கார்டியன் ஆனார். தொழில்முறை லீக் என்றால் சம்பளம் உண்டா என்று அவள் கேட்டதற்கு, ப்ரொஃபஷனல் என்பது ஒரு ஆட்டிட்யூட் என்று கமிஷனர் பதில் சொன்னார்.

முதல் ஆட்டம் ஆலனில், ஒரு தேவாலயத்தின் உள்ளரங்கில், சனிக்கிழமை நான்கிலிருந்து ஆறு வரை. ஆறு மணிக்குக் காவலாளி விளக்கை அணைத்துவிடுவார், அதில் பேச்சுக்கே இடமில்லை. நாற்பது நிமிட ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் தாராளம் என்று வான்மதி கணக்குப் போட்டாள். அவளுக்கு விழா நடத்தத் தெரியாது.

அரங்கில் நெருப்புக்கு அனுமதியில்லை என்பதால் பேட்டரியில் எரியும் குத்துவிளக்கு கொண்டுவந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் எரியாத மெழுகுவர்த்தியைத் திரிப் பக்கம் கொண்டுபோக வேண்டும். அந்த நேரத்தில் நஞ்சப்பன் பின்னாலிருந்து ரிமோட்டை அழுத்த வேண்டும். சிறப்பு விருந்தினரான பல் டாக்டர் கொண்டுபோனார், நஞ்சப்பன் அழுத்தினார், விளக்கு எரியவில்லை. டாக்டர் மெழுகுவர்த்தியை நீட்டியபடியே புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். இரண்டு டீமும் கோர்ட் ஓரத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நின்றன. சூடாக்கிய உடம்பு ஆறியது.

"விளக்கு இல்லாமலே ஆரம்பிச்சிடலாங்க சார்," என்றாள் வான்மதி.

"முதல் மேட்ச் மா. அபசகுனமா ஆயிடும்," என்றார் நெடுஞ்செழியன்.

கடைக்குப் போய் பேட்டரி வாங்கிவர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அப்புறம் வரவேற்புரை. அப்புறம் இன்னொரு துணைத் தலைவர் மகளின் பரதம். ஐந்து நாற்பத்திரண்டுக்குப் பந்தை மேலே எறிந்து ஜம்ப் பால் போட்டார்கள். வான்மதியின் கைக்குப் பந்து வந்தது. ஐந்து வருஷம் கழித்து ஆள் நடுவில் புகுந்து ஓடினாள். மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, மனசு மட்டும் துள்ளியது. முதல் குவார்ட்டர் முடிந்து, பதினான்குக்கு ஒன்பது என்று அவள் டீம் முன்னால் இருந்தபோது மணி ஆறு. காவலாளி விளக்கை அணைத்தார். பேட்டரி குத்துவிளக்கு மட்டும் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் முடிவை அறிவித்தார்கள். ஃபிரிஸ்கோ ஐம்பத்தாறு, ஆலன் முப்பத்தாறு. வான்மதி கமிஷனருக்குப் போன் செய்தாள்.

"சார், ஒரு குவார்ட்டர்தானுங்க ஆடினோம்."

"ஆமாம்மா. அதை நாலால பெருக்கியாச்சு. எக்ஸெல் ஷீட் அனுப்பவா?"

"நான் இருபத்துநாலு பாயிண்ட் போட்டதா இருக்குது. நான் ஆறுதானுங்க போட்டேன்."

"ஆறு உங்க ஆக்சுவல். இருபத்துநாலு உங்க ஃபோர்காஸ்ட். சந்தோஷப்படுங்கம்மா, எங்க ஆஃபீஸ்ல ஃபோர்காஸ்ட்டைக் காட்டித்தான் பத்து வருஷமா ப்ரமோஷன் வாங்குறோம்."

அந்தத் தாளைக் கொண்டுபோய் மிஸஸ் ஹாலிடேயிடம் நீட்ட வான்மதிக்கு மனசு வரவில்லை. இன்னும் ஆறு சனிக்கிழமை இருக்கிறதே என்று இருந்துவிட்டாள். நேர்மையாக இருக்க நினைத்தால் எவ்வளவு நாள் வீணாகும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது வாரம் பொன்னாடை. வந்தவர்களுக்குப் போர்த்தினார்கள், போர்த்தியவர்களுக்கு வந்தவர்கள் போர்த்தினார்கள். ஒன்பது துணைத் தலைவர்களும் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்டதில் மட்டும் நாற்பத்தோரு நிமிடம் போனது. ஒருவர் விட்டுப்போனது நினைவுக்கு வந்து, பெயர்ப் பட்டியலை முதலிலிருந்து திரும்பவும் வாசித்தார்கள். டெனிஸ் தோளுக்கு எட்டாததால் நஞ்சப்பன் நாற்காலி போட்டு ஏறினார். "இது எதற்கு?" என்று டெனிஸ் கேட்டாள். மரியாதை என்றாள் வான்மதி. "எதற்காக?" என்று அவள் திரும்பக் கேட்டாள். அன்றைக்கு இன்னும் எதுவும் ஆடியிருக்கவில்லை.

மூன்றாவது வாரம் கார்டியன்கள். மைனர்கள் ஆடும்போது கார்டியன் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று புது விதி வந்தது. கோர்ட் ஓரம் நாற்காலி போட்டுக் கணவன்மார்களும் அப்பாக்களும் வரிசையாக உட்கார்ந்து கிரீன் கார்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது குவார்ட்டரில் வான்மதி பந்தோடு ரிங்குக்கு அடியில் பாயும்போது மகிழனுக்கு ஆஃபீஸிலிருந்து கால் வந்தது. அவன் வெளியே போனான். உடனே விசில். "நம்பர் செவன், அன்அக்கம்பனீட் மைனர்!" என்று மைக்கில் ப்ரியம்வதாவின் குரல் கேட்டது. மகிழன் திரும்பி வரும்வரை அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஐம்பது நிமிட கால் அது.

அன்று காரில் மகிழன்தான் பேசினான். "ப்ரொடக்‌ஷன் சர்வர் டவுன் ஆயிடுச்சு மதி. நான் என்ன பண்ணட்டும்?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன்மீது கோபமில்லை. தன்னை இந்த வயதில் ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டியதாக்கிவிட்டார்களே என்று அவமானமாக இருந்தது.

நான்காவது வாரம் எல்லாம் சரியாகவே ஆரம்பித்தது. விளக்கு எரிந்தது, உரை குறைந்தது, மகிழன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான். மூன்றாவது குவார்ட்டர்வரை வந்துவிட்டார்கள். அப்போது எதிர் டீம் பெண் ரிங்கைப் பார்த்து எறிந்த பந்தை டெனிஸ் எகிறி நடுவானத்தில் தட்டிவிட்டாள். அரங்கமே கத்தியது. கூடைப்பந்தில் அதற்கு பிளாக் என்று பெயர். ஸ்கோர் எழுத உட்கார்ந்திருந்த துணைத் தலைவர் நூர் முகம்மது ஒரு மென்பொருள் கம்பெனியில் டெலிவரி மேனேஜர். அவர் டெனிஸ் பெயருக்கு நேராக 'பிளாக்கர், ஒன்று' என்று எழுதினார். அவர்கள் தொழிலில் பிளாக்கர் என்றால் வேலையே மேற்கொண்டு நகராதபடி வந்துவிட்ட பெரிய கோளாறு. எழுதிய கையோடு அவருக்கு வியர்த்துவிட்டது. கமிஷனரைக் கூப்பிட்டார். கமிஷனர் ஆட்டத்தை நிறுத்தினார்.

"பிளாக்கர் ஓப்பனா இருக்கும்போது நெக்ஸ்ட் ஸ்டெப் போகக் கூடாது. யாரு ரெய்ஸ் பண்ணா? யாரு ஓனர்?"

ரெஃப்ரீ ராய் எழுபது வயது டெக்ஸாஸ்காரர். நாற்பது வருஷம் விசில் ஊதியவர். "அது நல்ல ஆட்டம், ஐயா," என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பத்துப் பேரும் வட்டமாக நின்று மூல காரணத்தை ஆராய்ந்தார்கள். டெனிஸ் உயரமாக இருப்பதுதான் மூல காரணம் என்று ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கண்டுபிடித்தார்கள்.

ஐந்தாவது வாரம் ஆட்டமே நடக்கவில்லை. யாரோ டெனிஸின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டதால் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, அதை வாசித்துக் காட்ட முழு இரண்டு மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதன்படி லீக்கில் ஆடும் எந்த மைனரின் படமும் பெயரும் எந்தத் தாளிலும் வெளியே போகக் கூடாது.

அன்று வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் வான்மதி உட்கார்ந்துவிட்டாள். ஆகஸ்ட் பிறந்துவிட்டது. அவள் டெனிஸிடம் பள்ளிக்கூட வேலையைப் பற்றி முதன்முதலாகச் சொன்னாள். டெனிஸ் கேட்டுவிட்டுக் காவலாளியைத் தேடிப் போனாள். திரும்பி வந்து சொன்னாள், "வரும் சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கதவு திறந்திருக்கும்."

இருபது பேர் வந்தார்கள். ராய் விசிலோடும் ஒரு உண்மையான ஸ்கோர் ஷீட்டோடும் வந்தார். விளக்கு இல்லை, மைக் இல்லை, கார்டியன் இல்லை. ராய் பந்தை மேலே எறிந்தார், அவ்வளவுதான்.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி வான்மதி பிறகு யாரிடமும் அதிகம் பேசியதில்லை. முதல் குவார்ட்டரில் நெஞ்சு அடைத்தது. இரண்டாவதில் இரண்டு பந்தைத் தொலைத்தாள். மூன்றாவதில் உடம்புக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. இடது பக்கம் பார்த்து வலது பக்கம் கொடுத்தாள், டெனிஸ் எங்கே இருப்பாள் என்று பார்க்காமலே உயரத் தூக்கிப் போட்டாள், அங்கே டெனிஸ் இருந்தாள். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்து, இரண்டு பேரைத் தாண்டி உள்ளே புகுந்து, ரிங்குக்கு அடியிலிருந்து எகிறி லே-அப் போட்டாள். அறுபத்தொன்றுக்கு அறுபது. தோற்ற டீம்காரிகளும் சேர்ந்து வந்து கட்டிக்கொண்டார்கள். அவள் சந்தோஷமாக இருந்தாள், வேலைக்காகக்கூட இல்லை, சும்மாவே சந்தோஷமாக இருந்தாள்.

ராய் தாளில் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். வான்மதி, பதினேழு புள்ளி. கீழே கையெழுத்துப் போட்டார். அவள் அதை உடனே படம் எடுத்து மிஸஸ் ஹாலிடேக்கு அனுப்பினாள்.

மூன்றே முக்காலுக்குக் குத்துவிளக்கோடும் ஒரு ரியல் எஸ்டேட் பிரமுகரோடும் கமிட்டி உள்ளே வந்தது. வியர்த்து நின்ற பெண்களையும் ஸ்கோர் பலகையில் இருந்த எண்களையும் பார்த்து நெடுஞ்செழியனுக்கு முகம் கறுத்துவிட்டது. மைக்கைக் கேட்டு வாங்கினார். அரங்கில் மைக் தேவைப்படும் அளவுக்கு ஆள் இல்லை.

"விளக்கேத்தல. வெல்கம் ஸ்பீச் இல்ல. சீஃப் கெஸ்ட் இங்க நிக்கிறார், அவர் வரதுக்குள்ள முடிச்சிட்டீங்க. பந்தை எடுத்து ரிங்குக்குள்ள போட்டா அது கேமா? அதை யார் வேணும்னாலும் போடலாம்மா! லீக்னா ஆர்கனைஸ் பண்றது. அஞ்சு வாரமா ஒரு கேம்கூட முடியாம நம்ம லீக் எவ்வளவு ஸ்மூத்தா ஓடுச்சு? இன்னிக்கு ஒரே ஒரு கேம் முடிஞ்சுது, லீக்கே ஆட்டம் கண்டுபோச்சு." குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே மனசு உடைந்திருந்தார்.

மிஸஸ் ஹாலிடே லீக்குக்கு எழுதிக் கேட்டார். ப்ரியம்வதா அன்றே பதில் போட்டார். அப்படியொரு ஆட்டம் எங்கள் பதிவேட்டில் இல்லை. அந்தப் பெயரில் ஒரு மைனர் எங்களிடம் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சொல்ல எங்கள் கொள்கை இடம் தராது. மேற்கொண்டு தகவலுக்கு அவருடைய கார்டியனை அணுகவும்.

"வான்மதி, இவர்கள் நீங்கள் ஒரு குழந்தை என்கிறார்களா?" என்று போனில் கேட்டார் மிஸஸ் ஹாலிடே. வான்மதி விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே அது பொய் மாதிரி கேட்டது. "லீக்கிலிருந்து யாராவது ஒருவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்," என்றார் அவர். ஆகஸ்ட் பதினைந்துக்கு ஐந்து நாள் இருந்தது.

அவள் மானத்தை விட்டு நெடுஞ்செழியன் வீட்டுக்குப் போனாள். பால்கோவா டப்பாவோடு போனாள், அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு எரியும்.

"அட, இதுக்குத்தானாம்மா அந்த அவசரம்? முதல்லயே சொல்லியிருந்தா ஒரு மேட்சை முடிச்சே குடுத்திருப்போமே!" என்றார் அவர். அவர் முகத்தில் கபடமே இல்லை. "லெட்டர் எல்லாம் வேணாம். நானே நேர்ல போயி உங்களுக்காகப் பேசுறேன்."

கோட் போட்டுக்கொண்டு, லீக்கின் எண்பத்துநாலு பக்க விழா மலரையும் எடுத்துக்கொண்டு போனார். மலரில் பத்து நிர்வாகிகளின் முழுப்பக்கப் படமும் வாழ்த்துச் செய்தியும் இருந்தன. ஆட்டக்காரிகள் மைனர்கள் என்பதால் யாருடைய படமும் இல்லை. அன்று மாலையும் மறுநாளும் அவர் போனை எடுக்கவில்லை.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை லீக்குக்கு நிறைவு விழா. நான்கு துணைத் தலைவர்கள் பிரிந்துபோய் ஆண்களுக்கு பிக்கிள்பால் என்கிற மட்டைப்பந்து லீக் தொடங்கிவிட்டதால் இதை முடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அந்த ஏழு வாரத்தில் குறித்த நேரத்தில் ஆரம்பித்துக் குறித்த நேரத்தில் முடிந்த ஒரே நிகழ்ச்சி அதுதான். நெடுஞ்செழியன் மேடையேறினார்.

"ஒரு ஹாப்பி நியூஸ். நம்ம பிளேயர் ஒருத்தருக்காக ஒரு ஸ்கூலுக்குப் போயிருந்தேன். அந்த மேடம் நம்ம மலரைப் பாத்துட்டு, இந்த ஏரியாவுல விமன்ஸ் பாஸ்கெட்பால்ல லீடர்ஷிப் எக்ஸ்பீரியன்ஸ் யாருக்கு இருக்குன்னு கேட்டாங்க. அவங்க போர்டு மெம்பர்ஸும் கூட இருந்தாங்க. உண்மையை மறைக்கலாமா? ஒரு ப்ரொஃபஷனல் லீக்கையே கட்டி எழுப்புனவன் நான்னு சொன்னேன். ஈவ்னிங் ஜாப்தான். என் ஆஃபீஸ் எப்படியும் ரிமோட். இது எனக்குக் கிடைச்ச வேலை இல்ல, நம்ம பெண்களுக்குக் கிடைச்ச வெற்றி!"

கைதட்டல் அடங்குவதற்குள் ப்ரியம்வதா மைக்கை வாங்கி, கமிஷனருக்குப் பொன்னாடை போர்த்த ஏழாம் எண் மைனரை மேடைக்கு அழைத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வான்மதி போனாள். ஏன் போனோம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். அவர் குனிந்தார், அவள் போர்த்தினாள். "உங்களுக்காகத்தான்மா போனேன்," என்று காதோடு சொன்னார். அதுவும் உண்மைதான்.

வீட்டு கராஜில் காரை நிறுத்திவிட்டு, கதவு மூடும்வரை காத்திருந்து, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். மகிழன் கேஸ் போடலாம் என்றான், லெட்டர் எழுதலாம் என்றான். மிஸஸ் ஹாலிடே வருத்தம் தெரிவித்து அழகாக ஒரு மெயில் அனுப்பினார். அடுத்த வருஷம் கட்டாயம் விண்ணப்பிக்கும்படியும், கமிஷனர் போன்ற ஒரு வழிகாட்டி கிடைத்தது அவளுடைய பாக்கியம் என்றும் அதில் இருந்தது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு நெடுஞ்செழியனிடமிருந்து போன் வந்தது. ரகசியக் குரலில் பேசினார்.

"பிஸியா மா? இன்னிக்கு ஃபர்ஸ்ட் டே ப்ராக்டிஸ். ஹெட் கோச் லீவு. ஒரு சின்ன டவுட். கோர்ட்ல ஒரு சைடுக்கு அஞ்சு பேரா, ஆறு பேரா?"

வான்மதி மடித்த துண்டைக் கீழே வைத்தாள்.

"அஞ்சுங்க சார்."

"பன்னெண்டு பேர் வந்திருக்காங்களே. ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிடவா?"

போனை வைத்துவிட வேண்டும் என்று விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. அவர் குரலுக்குப் பின்னால் மரத்தரையில் பந்துகள் குதித்துக்கொண்டிருந்தன. பன்னிரண்டு பந்து. அதில் ஒன்று மட்டும் தாமதமாக, சப்பென்று விழுந்தது.

"யாரையும் அனுப்பாதீங்க. அங்க ஒரு பொண்ணு உள்ளங்கையில அடிக்குது. விரல்ல அடிக்கச் சொல்லுங்க. இடுப்புக்கு மேல பந்து வருது, கீழ இறக்கச் சொல்லுங்க."

"எந்தப் பொண்ணும்மா?"

"எனக்குச் சத்தம்தானுங்க கேக்குது. நீங்கதான அங்க நிக்கறீங்க, பாருங்க."

அவர் பார்த்தார் போலிருக்கிறது.

"எல்லாரும் ஒரே மாதிரிதாம்மா அடிக்கிறாங்க. லைன்லயே இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்." பிறகு கணீரென்று, மேடைக் குரலில், ஆங்கிலத்தில் சொன்னார். "கேர்ள்ஸ், லிசன். மை அசிஸ்டெண்ட் வில் எக்ஸ்ப்ளெயின்."

பந்துகள் ஒவ்வொன்றாக நின்றன. அங்கே பன்னிரண்டு பெண்கள் ஒரு போனைச் சுற்றி நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. இங்கே படுக்கைமேல் துணி குவிந்து கிடந்தது. வான்மதி முதலில் தன் பெயரைச் சொன்னாள். கேட்கவில்லை என்று ஒரு பெண் சொன்னாள். இன்னொரு முறை, எழுத்துக்கூட்டிச் சொன்னாள். பிறகு, சப்பென்று பந்தை அடித்த அந்தப் பெண்ணிடம், பந்தை எடுத்துத் தனக்குக் கேட்கும்படி அடிக்கச் சொன்னாள்.